போஸ்ட்மாஸ்டர் யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதித் தரப்பட்டது.)



சாப்பாட்டுக்கு முந்தைய கடைசிப் பேச்சு என்னுடையது. பந்தலில் இலை போடும் சத்தம் உங்களுக்கும் கேட்கிறது, எனக்கும் கேட்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'லினக்ஸ் கணிப்பொறியில் மெயில் சர்வர் அமைப்பது எப்படி?' இந்தத் தலைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை இருக்கிறது. முன்னாள் மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்லூரியின் பெயரில், ஆயுள் முழுவதும் நிலைக்கிற ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும். அதற்கு வருகிற கடிதம் அவரவர் இப்போது வைத்திருக்கும் பெட்டிக்குத் தானாகப் போய்விட வேண்டும். லினக்ஸ் இலவசம், சாஃப்ட்வேர் இலவசம், லேபில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிறகென்ன?

நல்ல யோசனை. செய்ய முடியுமா என்றால், முடியும். சாஃப்ட்வேரை நிறுவ ஒரு மதியப் பொழுது போதும். ஆனால் அதற்குப் பிறகு வருகிற வருஷங்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் நான் பேச வந்த விஷயம். எப்படி அமைப்பது என்பதையும் சொல்கிறேன். அதைக் கேட்டால்தான் இது ஏன் என்று புரியும்.

கடிதம் போகிற வழி

1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொரு கணிப்பொறியில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைப் போட்டவர் அவர்தான். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டெல் என்பவர் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையை எழுதி வெளியிட்டார். நம் நாட்டில் 1986-இல் எர்நெட் திட்டம் தொடங்கி, சில பெரிய கல்வி நிலையங்களுக்கு மட்டும் மின்னஞ்சல் எட்டியது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். மூலம் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இங்கே முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்கள் சிலருக்கு அந்த மோடம் கத்துகிற சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறை, அடிப்படையில் போஸ்டெல் எழுதியதுதான். அது ரொம்ப மரியாதையான பேச்சு. நம் சர்வர் போய்க் கதவைத் தட்டும். அந்தப் பக்கம் 220 என்று எண்ணைச் சொல்லி வரவேற்கும். 'ஹெலோ, நான் இன்னார்' என்போம். 250, அதாவது 'சரி'. 'மெயில் ஃப்ரம், இன்னாரிடமிருந்து' என்போம். 'சரி.' 'ஆர்சிப்ட் டூ, இன்னாருக்கு' என்போம். அப்படி ஒருவர் அங்கே இருந்தால் 'சரி', இல்லையென்றால் 550, 'அப்படி யாரும் இங்கே இல்லை'. பிறகு 'டேட்டா' என்றதும் 354, 'சொல்லுங்க, கேட்டுக்கறேன்'. கடிதம் முழுவதையும் சொல்லிவிட்டுத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. மறுபடி 250.

இந்தக் கடைசி 250-ஐ மட்டும் தம்பி தங்கைகள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். 'சரி, வாங்கிக்கொண்டேன்' என்று ஒரு சர்வர் சொன்ன அந்த நொடியிலிருந்து கடிதத்துக்கு அதுவே பொறுப்பு. ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.டி.பி. விதிகளின் 2008-ஆம் வருஷப் பதிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மெஷின் படுத்துவிட்டது, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இடப் பற்றாக்குறை வந்துவிட்டது என்பதெல்லாம் கடிதத்தைத் தொலைக்கக் காரணமாகாது.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கடிதம் பெறுகிற ஒவ்வொரு டொமைனிலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். முதல்வர் பெயரில் பெட்டி இல்லாமல் இருக்கலாம், செயலாளர் பெயரில் இல்லாமல் இருக்கலாம், போஸ்ட்மாஸ்டர் இல்லாமல் இருக்கக்கூடாது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும், 'உங்கள் சர்வரால் எனக்குத் தொந்தரவு' என்று எழுத ஒரு இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து படிக்கிற மனிதர் யார் என்பதை எந்த விதியும் சொல்லித் தர முடியாது. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மதியப் பொழுது வேலை

இனி வேலைக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் யூனிக்ஸ் உலகத்தில் தபால் வேலை பார்த்தது சென்ட்மெயில். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. திறமையில் குறைவில்லை. ஆனால் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் இருக்கும், தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. 1988 நவம்பரில் இணையத்தைக் கலங்கடித்த மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில். அந்தக் காலப் பாடங்களையெல்லாம் படித்துவிட்டு வீட்ஸா வெனிமா என்பவர் எழுதி, 1998-இல் வெளிவந்தது போஸ்ட்ஃபிக்ஸ். அதில் ஒரே பெரிய புரோகிராம் எல்லா அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. வாங்குபவர் ஒருவர், வரிசைப்படுத்துபவர் ஒருவர், அனுப்புபவர் ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு அறையில் திருடன் புகுந்தாலும் வீடு முழுவதும் அவனுக்குக் கிடைக்காது.

போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை வாங்கும், அனுப்பும். வந்த கடிதத்தைப் பெட்டியில் வைத்து, உரியவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது டவ்காட். பின்லாந்துக்காரர் டிமோ சிரைனென் எழுதியது, 2002-இல் வந்தது. இந்த இரண்டும் நம்முடைய டெபியன், உபுண்டு எல்லாவற்றிலும் தயாராக இருக்கின்றன. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று இரண்டு வரி அடித்தால் வந்து உட்கார்ந்துவிடும்.

மெஷினை எங்கே வைப்பது? வீட்டு பிராட்பேண்டில் வேண்டாம். அங்கே ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். மெயில் சர்வர்கள் பேசுகிற 25-ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்பில் மூடி வைத்திருக்கும். அந்த மாதிரி முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். நிலையான ஐ.பி. உள்ள ஒரு சிறிய வாடகை சர்வர் போதும். அங்கேயும் 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, ஐ.பி.யிலிருந்து பெயரைத் தேடினால் நம் சர்வர் பெயர் வரும்படி பி.டி.ஆர். பதிவு போட்டுத் தருவார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதுபோல.

போஸ்ட்ஃபிக்ஸின் முக்கியக் கோப்பு மெயின் டாட் சி.எஃப். அதில் நீங்கள் முதல் நாள் தொட வேண்டியது நாலைந்து வரிதான். சர்வரின் முழுப் பெயர் என்ன, எந்த டொமைனுக்கு வரும் கடிதம் நம்முடையது, எந்த நெட்வொர்க்கை நம்புவது, வெளியே அனுப்ப யாருக்கு அனுமதி. இதில் மூன்றாவதும் நாலாவதும் உயிர்நாடி. நம் டொமைனுக்கு வருகிற கடிதத்தை யாரிடமிருந்தும் வாங்கலாம். வெளியூருக்குப் போகிற கடிதத்தை, பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்த நம் ஆட்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும். இந்த ஒரு விதியைத் தளர்த்திவிட்டால் அதற்கு 'ஓப்பன் ரிலே' என்று பெயர். ஊரில் எவன் வேண்டுமானாலும் நம் முத்திரையைப் போட்டுக் கடிதம் அனுப்பலாம் என்று அர்த்தம். அதைத் தேடி எடுத்துவிடுவார்கள், அதுவும் சீக்கிரமே. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே இதைத் தடுத்துத்தான் வருகிறது. புரியாமல் எங்கேயோ பார்த்த வரியைக் காப்பி அடித்து ஒட்டும்போதுதான் கதவு திறந்துபோகிறது.

நம் ஆட்கள் அனுப்புவதற்கு 587 அல்லது 465 போர்ட், படிப்பதற்கு 993. இவையெல்லாம் டி.எல்.எஸ். மறைகுறியாக்கத்தோடுதான் இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அது உண்மையிலேயே புதுப்பிக்கிறதா என்று முதல் தடவை கூடவே இருந்து பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுதான். மாலை காபிக்கு முன்னால் உங்கள் சர்வரிலிருந்து நண்பனின் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் போகும். அவனும் போன் பண்ணுவான், 'டேய், வந்துடுச்சுடா, ஆனா ஸ்பாம்ல கிடக்குது' என்று. மெயில் சர்வர் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நான்தான் நான் என்று எப்படிச் சொல்வது?

போஸ்டெல் விதி எழுதிய காலத்தில் நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே 'நான் இன்னார்' என்று சொன்னால் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ளும் முறையாகவே அது அமைந்துவிட்டது. தபாலட்டையில் 'அனுப்புநர்' இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார். மின்னஞ்சலும் அப்படித்தான். அந்த ஓட்டையை அடைக்கப் பிற்காலத்தில் மூன்று பூட்டுகள் செய்தார்கள். மூன்றுக்கும் ஒரே அடிப்படை. ஒரு டொமைனின் டி.என்.எஸ். பதிவேட்டில் அதன் உரிமையாளர் மட்டும்தான் எழுத முடியும்.

முதல் பூட்டு எஸ்.பி.எஃப். 'எங்கள் டொமைன் பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை இந்த ஐ.பி.களுக்கு மட்டும்' என்று பதிவேட்டில் அறிவிப்பது. ஆனால் இது பார்ப்பது உறையின் மேல் இருக்கும் முகவரியை. உள்ளே கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது டி.கே.ஐ.எம். கடிதம் புறப்படும்போது சர்வர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் இருக்கும். வழியில் யாராவது எழுத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். படிப்பவர் கண்ணில் படுகிற அனுப்புநர் பெயரும், எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். சான்று சொல்லும் பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பது இதன் விதி. ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் உரிமையாளரே சொல்கிறார். சும்மா குறித்துக்கொள், ஸ்பாமில் போடு, அல்லது திருப்பி அனுப்பு. கூடவே, 'உங்கள் பெயரில் யார் யார் எங்கிருந்து அனுப்பினார்கள்' என்று பெரிய சர்வர்கள் நமக்கு அறிக்கை அனுப்பும். முதலில் 'குறித்துக்கொள்' என்று வைத்துச் சில வாரம் அறிக்கையைப் படித்து, நம் கடிதமெல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு படியாக இறுக்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், பெயர் வேண்டாம். ஐரோப்பாவில் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு கடிதம் போனது. நிறுவனத்தின் முகவரி, முதலாளியின் பெயர், பழைய பில் நம்பர் எல்லாம் சரி. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடவும்' என்று விஷயம். நிறுவனத்தில் யாரும் அதை எழுதவில்லை. வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மையார் சந்தேகப்பட்டு ஒரு போன் செய்ததால் ஒரு கப்பல் சரக்கின் பணம் தப்பித்தது. அது போயிருந்தால் அறுபது எழுபது தையல்காரர்களின் அந்த மாதச் சம்பளம் போயிருக்கும். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த டொமைனில் எஸ்.பி.எஃப். அரைகுறை, டி.கே.ஐ.எம். இல்லை, டிமார்க் இல்லை. போஸ்ட்மாஸ்டர் பெட்டியைத் திறக்க யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியவில்லை. சர்வரை வைத்தவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. திறந்து பார்த்தோம். 'உங்கள் பெயரில் போலிக் கடிதம் வருகிறது, கவனியுங்கள்' என்று வேறொரு வாடிக்கையாளர் அதற்கு மூன்று மாதம் முன்பே போஸ்ட்மாஸ்டருக்கு எழுதியிருந்தார். கடிதம் சரியாகத்தான் வந்து சேர்ந்திருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவர் மூன்று பூட்டும் போட்டிருக்க வேண்டும். சிறிய அனுப்புநருக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது வேண்டும், பி.டி.ஆர். சரியாக இருக்க வேண்டும், டி.எல்.எஸ். வேண்டும். 'இது ஸ்பாம்' என்று வாசகர்கள் சொல்லும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் பேருக்குக் கடிதம் போனால் மூன்று பேர் முகம் சுளித்தாலே ஆபத்து. நம் சங்கத்தின் சுற்றறிக்கைகள் எத்தனை பேருக்குப் போகின்றன என்பதைச் செயலாளர் அவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்!

ஆயுள் முகவரியின் சிக்கல்

இப்போது சங்கத்தின் யோசனைக்கு வருகிறேன். நம் முகவரிக்கு வருகிற கடிதத்தை உறுப்பினரின் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடுவது என்பது கேட்க எளிது. ஆனால் ஒரு வங்கி உங்களுக்கு எழுதிய கடிதம் நம் சர்வர் வழியாக ஜிமெயிலுக்குப் போகும்போது, ஜிமெயில் பார்ப்பது நம்முடைய ஐ.பி.யை. வங்கியின் எஸ்.பி.எஃப். பட்டியலில் நம் ஐ.பி. இருக்காது. எஸ்.பி.எஃப். பொய்த்துப்போகும். வங்கி டி.கே.ஐ.எம். கையொப்பம் இட்டிருந்து, நாம் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினால் கடிதம் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் திரும்பிவிடும். உறை முகவரியை நம் பெயருக்கு மாற்றி எழுதும் எஸ்.ஆர்.எஸ்., நம் சர்வர் பார்த்தபோது சான்றுகள் சரியாக இருந்தன என்று முத்திரை வைக்கும் ஆர்க் என்று பரிகாரங்கள் இருக்கின்றன. அமைக்கலாம். ஆனால் முழுப் பரிகாரம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று. உறுப்பினருக்கு வருகிற ஸ்பாமையும் சேர்த்துத் திருப்பிவிட்டால், ஜிமெயில் கணக்கில் அந்த ஸ்பாமை அனுப்பியது நாம்தான். ஆகவே வாசலிலேயே வடிகட்ட வேண்டும். 1998-இல் லண்டனில் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்றவர்கள் கெட்ட ஐ.பி.களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்கலாம். முன்பின் தெரியாத சர்வர் வந்தால் 'இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா' என்று சொல்லும் கிரேலிஸ்டிங் முறை உண்டு. ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பாம் அனுப்பும் புரோகிராம்களில் பல வருவதில்லை. ஆர்ஸ்பாம்டி போன்ற வடிகட்டியையும் சேர்க்கலாம். இல்லாத முகவரிக்கு வந்தால் வாசலிலேயே 550 சொல்லிவிட வேண்டும். உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு 'சேர்க்க முடியவில்லை' என்று எழுதினால், போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்காரர், ஒன்றும் அறியாதவர், அவர் தலையில்தான் அது விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அந்த 'ஆயுள்' என்ற வார்த்தை. ஆயுள் முகவரி என்று கொடுத்தால் நம் அண்ணன்மார்கள் அதை நம்பி வங்கியில் கொடுப்பார்கள், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எழுதுவார்கள். இருபது வருஷம் கழித்து, டொமைனுக்கு வருடாந்தரப் பணம் கட்ட ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவன் அதை வாங்குவான். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் வருகிற கடிதங்களெல்லாம் அவனுக்குப் போகும். இது அந்த உறுப்பினரின் பணம், பத்திரம் சம்பந்தப்பட்டது.

லாகைப் படி, ஆளை நம்பு

மெயில் சர்வர் பார்ப்பவருக்கு நாளிதழ் மாதிரி ஒன்று உண்டு, லாக் கோப்பு. ஒவ்வொரு கடிதமும் எப்போது வந்தது, எங்கே போனது, என்ன பதில் கிடைத்தது என்று வரிவரியாக இருக்கும். பதிலெண் 4-இல் தொடங்கினால் 'பிறகு வா', 5-இல் தொடங்கினால் 'வராதே'. 4 கிடைத்த கடிதத்தை வரிசையில் வைத்து, மாற்றாமல் விட்டால் ஐந்து நாள்வரை போஸ்ட்ஃபிக்ஸ் திரும்பத் திரும்ப முயலும். 'மெயில்க்யூ' என்று அடித்து அந்த வரிசையைத் தினம் காலையில் ஒரு தடவை பாருங்கள். வழக்கமாகப் பத்து கடிதம் நிற்கிற இடத்தில் ஆயிரம் நின்றால், யாரோ ஒருவரின் பாஸ்வேர்ட் களவு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ட்ரே ஹாரிஸ் என்ற அமெரிக்க நிர்வாகி, 1990-களில் ஒரு பல்கலைக்கழகத்தில் தனக்கு நேர்ந்ததாக 2002-இல் எழுதியது. புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, 'எங்கள் கணிப்பொறியிலிருந்து 500 மைலுக்கு மேல் மெயில் போகமாட்டேன் என்கிறது' என்றாராம். கேட்டால் சிரிப்பு வரும், மெயிலுக்கு ஏது மைல்? ஆனால் சோதித்தபோது அது உண்மை! அங்கே யாரோ ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்ததில் சென்ட்மெயில் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. புதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. நடைமுறையில் அது மூன்று மில்லி செகண்ட் அளவுக்குக் காத்திருந்துவிட்டுக் கைவிட்டது. அந்த நேரத்தில் ஒளி போகிற தூரம் சுமார் 558 மைல். தம்பிகளா, போன் செய்கிறவர் சொல்வது முட்டாள்தனமாகத் தோன்றினாலும், முதலில் லாகைத் திறந்து பாருங்கள். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

நானூறாவது நாள்

முதல் நாள் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், போட்டோ கூட எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்பது நானூறாவது நாளைப் பற்றி. டிஸ்க் நிரம்பும். சான்றிதழ் காலாவதியாகும். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வெள்ளிக்கிழமை ராத்திரி வெளியாகும். ஒரு உறுப்பினர் 'பாஸ்வேர்ட் 123' என்று வைத்திருப்பார், அவர் கணக்கிலிருந்து ஒரே இரவில் பத்தாயிரம் ஸ்பாம் புறப்படும், விடிந்தால் நம் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் இருக்கும். அதிலிருந்து வெளியே வர விண்ணப்பம் எழுத வேண்டும், காரணத்தைச் சரிசெய்ய வேண்டும், காத்திருக்க வேண்டும். அமைத்த மாணவனோ அதற்குள் வளாகத் தேர்வில் வேலை கிடைத்து பெங்களூர் போயிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் அவனை அங்கே அனுப்பி வைத்தோம்!

ஆகவே என் யோசனையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மாணவர்களுக்கு. உங்களில் ஒவ்வொரு அணியும் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மெயில் சர்வரைக் கையால் அமைக்க வேண்டும். சோதனைக்கென்று தனி டொமைன், நாலைந்து பேர் பெட்டி, ஒரு பருவம். டி.என்.எஸ்., நெட்வொர்க், மறைகுறியாக்கம், லினக்ஸ் நிர்வாகம் எல்லாம் ஒரே வேலையில் கைக்கு வந்துவிடும். தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துப் பாருங்கள். அதற்கான விதிமுறை 2012-இல் வந்துவிட்டது, போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் அதை ஏற்கிறது. எந்தெந்தச் சர்வர்கள் வாங்கிக்கொள்கின்றன, எவை திருப்புகின்றன என்று பட்டியல் போட்டாலே அருமையான புராஜெக்ட்.

இரண்டு, சங்கத்துக்கு. டொமைன் பெயர் எப்போதும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கணக்கிலிருந்து, பல வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியதாக இருக்கட்டும். எந்தத் தனிமனிதர் பெயரிலும் வேண்டாம். பெயர் நம் கையில் இருக்கும்வரை சர்வரை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். ஆள் பலம் இல்லாத வருஷங்களில் ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து நடத்தினாலும் தவறில்லை. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் இந்த மாதமே போட்டுவிடுங்கள். அதற்குச் சர்வர்கூட வேண்டாம், பதிவேட்டில் எழுதத் தெரிந்தால் போதும்.

மூன்று, ஆயுள் முகவரி. முதலில் முப்பது பேருக்கு மட்டும், ஒரு வருஷச் சோதனையாகத் தொடங்குவோம். 'ஆயுள்' என்ற வார்த்தையை அதுவரை உபயோகிக்க வேண்டாம். இரண்டு போஸ்ட்மாஸ்டர்கள் வேண்டும். ஒருவர் கல்லூரியில் இருக்கும் பேராசிரியர் அல்லது லேப் ஊழியர், ஒருவர் முன்னாள் மாணவர். இருவருக்கும் எல்லாச் சாவியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம், ஆமாம், காகித நோட்டுதான், அதில் எது எங்கே இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும், பேக்கப்பிலிருந்து கடைசியாக என்று மீட்டுப் பார்த்தோம் என்று எழுதி அலுவலகப் பீரோவில் இருக்கட்டும். வருஷா வருஷம் பொதுக்குழுவில் வரவு செலவு படிப்பதுபோல அந்த நோட்டையும் படிக்க வேண்டும். இந்த இரண்டு பெயரை எழுத முடியாத வருஷம், சர்வரை மூடிவிட்டு உறுப்பினர்களுக்கு ஆறு மாதம் முன்பே தகவல் சொல்லிவிடுவதுதான் நாணயம்.

முன்னாள் மாணவர் தரப்பில் முதல் இரண்டு வருஷத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இடம் காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் முதல் இரண்டு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு லேபில் இருப்பேன். வருகிற தம்பி தங்கைகள் ஒரு நோட்டும், தமக்கென்று ஒரு நல்ல நீளமான பாஸ்வேர்டும் யோசித்துக்கொண்டு வந்தால் போதும்.